வட்டி ஏறுவதற்குள் ஃப்ளாட்டை விற்றுவிடலாமா?

வந்த கடிதம்

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 44, கணவருக்கு 47. இருவருக்கும் அம்பத்தூர் பக்கம் தனியார் வேலை. பிடித்தமெல்லாம் போக மாதம் 1.35 லட்சம் வீட்டுக்கு வருகிறது. 22,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். 2021 அக்டோபரில், ‘இதற்கு மேல் வட்டி குறையாது’ என்று ஊரே சொன்ன நேரத்தில், பெரும்பாக்கத்தில் 50 லட்சத்துக்கு முதலீடாக ஒரு ஃப்ளாட் வாங்கினார்கள். பத்திரச் செலவு தனியாக 3.5 லட்சம். வங்கிக் கடன் 40 லட்சம், 20 வருஷம், 6.9 சதவீத மாறும் வட்டி, ஈ.எம்.ஐ. 30,772 ரூபாய்.

2023 ஏப்ரலில் வட்டி 9.4 சதவீதம் ஆனபோது வங்கி ஈ.எம்.ஐ.யை 33,588 ஆக்கியது. பிறகு 2025-ல் வட்டி இறங்கியது. கடைசி ஸ்டேட்மென்டில் 8.15 என்று இருக்கிறது. ஈ.எம்.ஐ. மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. 2026 மார்ச் வரை 53 தவணை கட்டியாயிற்று. நிலுவை அசல் 37.56 லட்சம், பாக்கித் தவணை 210. வாடகை 17,000 வருகிறது. பராமரிப்புக் கட்டணம் 3,000 இவர்கள் கையிலிருந்து போகிறது. நடுவில் நாலு மாதம் வீடு காலியாகக் கிடந்தது. வங்கியில் 6 லட்சம் எஃப்.டி. இருக்கிறது.

இந்த நேரத்தில் கொழுந்தனார் ஒரு யோசனை சொல்கிறார். “வட்டி மறுபடி ஏறும் அண்ணி, ஏறினால் வீட்டு விலை விழுந்துவிடும். அதற்குள் பெரும்பாக்கத்தை 62 லட்சத்துக்குத் தள்ளிவிடுங்கள். வருகிற பணத்தை முன்பணமாக வைத்து, பூந்தமல்லி சாலையில் மெட்ரோ பக்கத்தில் கட்டுகிற 75 லட்சம் ஃப்ளாட்டை எடுத்துவிடலாம். சாவி தரும்வரை வட்டியை பில்டரே கட்டுவார்.” புதிய ஃப்ளாட்டுக்கு 1 லட்சம் புக்கிங் பணமும் கட்டியாகிவிட்டது, மாதக் கடைசிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். விற்பதா, புதியதை வாங்குவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா, வங்கி எங்களை ஏமாற்றுகிறதா என்பவை வாசகியின் கேள்விகள்.

பதில்

சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஈ.எம்.ஐ. குறையாததால் வங்கி ஏமாற்றுகிறது என்று நினைக்க வேண்டாம். வட்டி குறைந்தபோது உங்கள் வங்கி ஈ.எம்.ஐ.யை அப்படியே வைத்துக்கொண்டு தவணைகளின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறது. அது உங்களுக்கு நல்லது. நீங்கள் கவலைப்பட்டிருக்க வேண்டிய நேரம் 2023 ஏப்ரல். அந்த மாதம் நடந்ததைக் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கொழுந்தனாரின் கணிப்பு.

வட்டி ஏறினால் விலை விழுமா?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னையில் கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷம் நடந்தது வேறு. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியை ரெப்போ என்பார்கள்; உங்களுடையதுபோன்ற மாறும் வட்டி அதைத் தொடர்ந்தே ஏறி இறங்கும். அந்த ரெப்போ வட்டி 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து 4.4 ஆனது, 2023 பிப்ரவரியில் 6.5-க்குப் போய்விட்டது. பத்தே மாதத்தில் இரண்டரை சதவீதம். சென்னையில் ஃப்ளாட் விலை விழுந்ததா என்றால், இல்லை. அதற்கு முந்தைய கதை இன்னும் வேடிக்கை. 2015 ஜனவரியில் 8 சதவீதமாக இருந்த ரெப்போ, 2016 அக்டோபரில் 6.25 ஆகக் குறைந்தது. வட்டி குறைகிறதே என்று சந்தை துள்ளியிருக்க வேண்டும். 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது, 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது, நவம்பரில் பணமதிப்பிழப்பு. வட்டி இறங்கிக்கொண்டே இருக்க, சந்தை படுத்தே கிடந்தது.

விலை ஏன் இறங்குவதில்லை? பழைய வீட்டை விற்பவருக்கு, கடன் நெருக்காதவரை, அவசரம் கிடையாது. கேட்ட விலை வரவில்லை என்றால் வாடகைக்கு விட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். வழிகாட்டி மதிப்பு என்கிற அரசு மதிப்பும் ஒரு தரைபோல நிற்கிறது. அதற்குக் கீழே விலை பேசினாலும் முத்திரைத் தீர்வை அந்த மதிப்புக்குத்தான். பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் வருமான வரியிலும் இரண்டு தரப்பும் பதில் சொல்ல வேண்டும். பில்டரும் பட்டியல் விலையைத் தொட மாட்டார். தொட்டால், போன மாதம் அதிக விலைக்கு வாங்கியவர்கள் அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் சதுர அடி விலை அப்படியே இருக்கும். கார் பார்க்கிங் இலவசம், பத்திரச் செலவு எங்களுடையது, சமையலறை அலமாரி இலவசம் என்று வேறு வழியாகக் குறைப்பார். விளம்பரத்தில் இந்த ‘இலவசங்கள்’ கூடினால் விலை இறங்குகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஆக, வட்டி ஏறும்போது முதலில் அடிபடுவது, வாங்குபவருக்கு வங்கி எவ்வளவு கடன் தரும் என்பது. மாதம் 35,000 ரூபாய் ஈ.எம்.ஐ. கட்ட முடிந்தவருக்கு 20 வருஷத்துக்கு 7.5 சதவீதத்தில் 43.4 லட்சம் கடன் கிடைக்கும். அதே ஈ.எம்.ஐ.க்கு 9.5 சதவீதத்தில் 37.5 லட்சம்தான். ஆறு லட்சம் ஒரேயடியாகக் குறைந்தால் அந்த ஆள் பேரத்திலிருந்தே விலகிவிடுவார். அடையாற்றில் சொந்தப் பணத்தில் தனி வீடு தேடுபவரை இது அவ்வளவாகத் தொடாது. பெரும்பாக்கம், மேடவாக்கம், ஊரப்பாக்கம் பக்கம் 50, 60 லட்சத்துக்குத் தேடுபவர் பெரும்பாலும் முழுக்கடன் வாங்குபவர். உங்கள் ஃப்ளாட்டை வாங்கப்போவதும் அவர்தான். எனவே வட்டி ஏறினால் உங்கள் ஃப்ளாட் 62-லிருந்து 50-க்கு விழாது. பார்க்க வருபவர் குறைவார்கள், விற்க ஆகும் மாதங்கள் கூடும், பேரத்தில் இரண்டு மூன்று லட்சம் விட்டுக்கொடுக்க நேரலாம். ஈ.எம்.ஐ. கட்டத் திணறிக்கொண்டு அவசரத்தில் விற்பவருக்குத்தான் இது பெரிய நஷ்டம். விற்கும் நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கிற நிலையில் இருந்தால், வட்டிக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை.

அடி விழுந்த இடம்

2023 ஏப்ரலுக்கு வருவோம். அன்று உங்கள் நிலுவை சுமார் 39.12 லட்சம். 9.4 சதவீதத்தில் ஒரு மாத வட்டி 30,644 ரூபாய். பழைய ஈ.எம்.ஐ. 30,772. இரண்டையும் கழித்துப் பாருங்கள்: அசலுக்குப் போயிருக்கக்கூடியது 128 ரூபாய். அந்த வேகத்தில் கடன் அடைய 58 வருஷம் ஆகியிருக்கும். இன்னும் கால் சதவீதம் ஏறியிருந்தால் ஈ.எம்.ஐ. வட்டிக்கே போதாமல், கட்டக் கட்ட அசல் வளர்ந்திருக்கும். அதனால்தான் வங்கி ஈ.எம்.ஐ.யை உயர்த்தியது.

ஆனால் அது பாதி வைத்தியம். அன்று உங்களுக்கு மிச்சமிருந்தது 223 தவணை. அதே காலத்துக்குள் அடைய வேண்டும் என்றால் ஈ.எம்.ஐ. சுமார் 37,170 ஆகியிருக்க வேண்டும். வங்கி 33,588-ல் நிறுத்திக்கொண்டு தவணைகளை 312 ஆக நீட்டிவிட்டது. ‘2,800 ரூபாய்தானே கூடியிருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு வருஷத்துக்கு மேல் கடன் நீண்டதை யாரும் உங்களுக்குச் சத்தமாகச் சொல்லவில்லை. 2041-ல் முடிய வேண்டியது 2049 வரை போயிருந்தது. அப்போது உங்கள் கணவருக்கு 70 வயது. 2025-ல் வட்டி இறங்கியதால்தான் இப்போது 210-க்கு வந்திருக்கிறது. முதலில் போட்ட அட்டவணைப்படி இன்று 187 தவணைதான் மிச்சம் இருக்க வேண்டும்.

இதுவரை கட்டியது 17.32 லட்சம். அசலில் குறைந்தது 2.44 லட்சம். பாக்கி எல்லாம் வட்டி.

வட்டி ஏற்றம் முதலீட்டாளரைத் தொடுவது இப்படித்தான். சந்தை விலையில் தேடினால் தெரியாது. ஸ்டேட்மென்டில் ‘மீதித் தவணை’ என்ற கட்டத்தில் இருக்கும். இன்றைய நிலையில் வட்டி ஒரு சதவீதம் ஏறி 9.15 ஆனால், இதே ஈ.எம்.ஐ.யில் 210 தவணை 252 ஆகும். மூன்றரை வருஷம் கூடுதல்.

இதில் உங்களுக்கு உரிமை உண்டு. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, மாறும் வட்டி மாற்றியமைக்கப்படும்போது ஈ.எம்.ஐ.யை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வங்கி உங்களுக்குத் தர வேண்டும். நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பையும் தர வேண்டும் என்று அதில் இருந்தது; 2025 அக்டோபர் முதல் அதைத் தருவதும் தராததும் வங்கியின் விருப்பம். கட்டிய அசல், வட்டி, மீதித் தவணை, ஆண்டு வட்டி விகிதம் ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு 2023 ஏப்ரலில் யாரும் கேட்கவில்லை என்றால் ஆச்சரியமில்லை. சுற்றறிக்கை அதற்குப் பிறகு வந்தது. இப்போது நீங்களே போய்க் கேட்கலாம்.

கிளையில் கேட்க வேண்டியவை

ரெப்போவின் மேல் உங்கள் வங்கி வைத்திருக்கும் கூடுதல் விகிதத்தை ‘ஸ்ப்ரெட்’ என்பார்கள். 2021-ல் ரெப்போ 4, உங்கள் வட்டி 6.9, அதாவது ஸ்ப்ரெட் 2.9. 2025 டிசம்பரில் ரெப்போ 5.25, உங்கள் வட்டி 8.15. அதே 2.9. ரெப்போ இறங்கியதை வங்கி ஒழுங்காகத் தந்திருக்கிறது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒழுங்காகக் கட்டிவரும் உங்களைப் போன்றவருக்கு இந்த ஸ்ப்ரெட் அதிகம். புதிதாக வருபவருக்கு அதே வங்கி எவ்வளவு தருகிறது என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டு, அந்தத் தாளோடு போங்கள்.

கேட்க வேண்டியது ‘ஸ்ப்ரெட் குறைப்பு’ அல்லது ‘வட்டி மாற்று’. ஒரு மாற்றுக் கட்டணம் கேட்பார்கள், கொடுக்கலாம். 8.15 என்பது 7.5 ஆனால், இதே 33,588 ஈ.எம்.ஐ.யில் 210 தவணை 193 ஆகும். சுமார் 6 லட்சம் மிச்சம். விண்ணப்பத்தில் ‘ஈ.எம்.ஐ. மாறாமல் காலத்தைக் குறைக்கவும்’ என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் சில கிளைகளில் ஈ.எம்.ஐ.யைக் குறைத்துக் காலத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். பார்க்க இனிமையாக இருக்கும், வட்டி கூடுதலாகப் போகும்.

மறுத்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். தனிநபர் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கிடையாது. ஆனால் புதிய வங்கியில் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீடு, மறுபடி ஆவண ஒப்படைப்புப் பதிவு (பத்திரங்களை வங்கியில் அடமானமாக வைத்ததற்கான பதிவு) என்று செலவு வரும். அரை சதவீதத்துக்குக் குறைவான லாபத்துக்கு இந்த அலைச்சல் வேண்டாம்.

எஃப்.டி. 6 லட்சத்தில் 3 லட்சத்தை அசலில் கட்டிவிடுங்கள். அதன் வட்டி உங்கள் கடன் வட்டியைவிடக் குறைவு. அதற்கும் வரி உண்டு. இன்றைய 8.15 சதவீதத்திலேயே, 3 லட்சம் கட்டினால் 210 தவணை 177 ஆகிறது. 33 தவணை, அதாவது 11 லட்சத்துக்கு மேல் கட்டாமல் தப்பிக்கிறீர்கள். மீதி 3 லட்சத்தைத் தொட வேண்டாம். வீடு நாலு மாதம் காலியாகக் கிடந்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

நிலையான வட்டி எனக்கு உவப்பில்லை. பொதுவாக மாறும் வட்டியைவிட ஒன்று, ஒன்றரை சதவீதம் அதிகமாக இருக்கும். அதாவது வருமோ வராதோ தெரியாத ஏற்றத்துக்கு இன்றைக்கே பணம் கட்டுகிறீர்கள். பல திட்டங்களில் அது முதல் இரண்டு, மூன்று, ஐந்து வருஷத்துக்கு மட்டும்தான் நிலையானது. பிறகு மாறும் வட்டிக்குத் தானாகப் போய்விடும். முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் அந்த ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும்.

62 லட்சத்துக்கு விற்றால் கையில் என்ன?

‘12 லட்சம் லாபம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்த்துக் கணக்குப் போடுவோம். 62 லட்சத்தில் புரோக்கருக்கு 1 சதவீதம் போக 61.38. வங்கிக் கடன் 37.56 போனால் கையில் சுமார் 23.8 லட்சம். இனி நீங்கள் போட்டது: முன்பணம் 10, பத்திரச் செலவு 3.5, ஈ.எம்.ஐ. 17.32, மொத்தம் 30.8 லட்சம். வந்த வாடகையில் பராமரிப்பு, சொத்து வரி, சில்லறை ரிப்பேர் போக மாதம் 13,500 என்று வைத்தால், குடியிருந்த 49 மாதத்துக்கு 6.6 லட்சம். ஆக உங்கள் பையிலிருந்து போனது 24.2 லட்சம். போட்டதும் வருவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலை வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறியிருக்கிறது. ஆனால் நிகர வாடகை ஃப்ளாட்டின் மதிப்பில் 2.6 சதவீதம்தான், கடன் வட்டி 8.15. அந்த இடைவெளியை அடைக்கவே விலை ஏற்றம் தீர்ந்துபோகிறது.

‘வட்டிக்கு வரிச்சலுகை இருக்கிறதே’ என்கிறீர்கள். நீங்கள் இருவரும் புதிய வரி முறையில் இருப்பதாக எழுதியிருப்பதால், அதில் வாடகை வீட்டின் வட்டியை வாடகை வருமானம் வரைதான் கழிக்கலாம். வருஷ வாடகை 2.04 லட்சத்தில் 30 சதவீத நிலைக்கழிவு போக 1.43 லட்சம், வட்டி 3 லட்சத்துக்கு மேல். மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

விற்பதில் ஒரு நல்ல செய்தி, வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதமா, சரிக்கட்டலோடு 20 சதவீதமா என்பது உங்கள் விருப்பம். முதல் வழியில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரி வரும். இரண்டாவது வழியில், வருமான வரிக்கான பணவீக்கக் குறியீடு 2021-22-க்கு 317, 2025-26-க்கு 376 என்பதால், உங்கள் 53.5 லட்சம் அடக்கம் 63.46 லட்சமாகிவிடும். விற்ற தொகையைவிட அது அதிகம், வரி இல்லை. அந்த வித்தியாசத்தை நஷ்டமாகக் காட்ட மட்டும் முடியாது. விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரியாகப் பிடிப்பார்; 62,000 ரூபாய். ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்க வேண்டும்.

முதலில் அந்த 62 லட்சம் உண்மைதானா என்று பாருங்கள். புரோக்கர் சொல்வது அவர் கேட்கப்போகும் விலை. பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால், அதே குடியிருப்பில் கடந்த ஒரு வருஷத்தில் கைமாறிய ஃப்ளாட்டுகளின் பத்திரத் தொகை வரும். மறுவிற்பனைப் பத்திரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முதல் விற்பனைப் பத்திரங்களில் பிரிபடாத மனைப் பங்கின் விலை மட்டும்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

கடனோடு இருக்கும் வீட்டை வட்டி ஏறுவதற்குள் சட்டென்று விற்பதும் பேச்சில்தான் முடியும். உங்கள் வங்கியில் நிலுவைக் கடிதமும் ஆவணப் பட்டியலும் வாங்க வேண்டும். வாங்குபவரின் வங்கி அதைப் பார்த்து உங்கள் வங்கியின் பெயருக்கே பணம் தரும். கடன் தீர்ந்தபின் 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் விதி. வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவண ஒப்படைப்பை ரத்து செய்யும் ரசீதைப் பதிய வேண்டும். ஆள் கிடைத்த பிறகே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும்.

பூந்தமல்லி சாலை ஃப்ளாட்

இங்கேதான் எனக்கு உறுதியான ஆட்சேபம். 75 லட்சத்துக்குக் கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்பதால் 5 சதவீத ஜி.எஸ்.டி. 3.75 லட்சம். புதிய அடுக்குமாடிக்கு இந்த விலையில் முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 5.25 லட்சம். மொத்தம் 84. கடன் 80 சதவீதம், 60 லட்சம். உங்கள் கையிலிருந்து 24 லட்சம். அதாவது பெரும்பாக்கத்தில் நாலரை வருஷம் போட்ட அத்தனை பணமும், ஒரு ரூபாய் மிஞ்சாமல், உள்ளே போகிறது.

7.75 சதவீதத்தில் 20 வருஷத்துக்கு ஈ.எம்.ஐ. 49,257. குடியிருக்கும் வாடகை 22,000 சேர்த்தால் வருமானத்தில் பாதிக்கு மேல். 2022-ல் நடந்ததுபோல வட்டி ஏறி 9.75 ஆனால் ஈ.எம்.ஐ. 56,911. அதைக் கட்ட முடியாமல் காலத்தை நீட்டினால், உங்கள் கணவருக்கு 67 வயதில் முடிய வேண்டிய கடன் எழுபதைத் தாண்டும். வட்டி ஏறும் என்று பயந்து விற்கச் சொல்லும் கொழுந்தனார், அதே மூச்சில் ஒன்றரை மடங்கு பெரிய மாறும் வட்டிக் கடனை வாங்கச் சொல்கிறார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், கணக்கு உடன்படவில்லை.

‘சாவி வரை வட்டி பில்டர் கட்டுவார்’ என்பது சப்வென்ஷன் திட்டம். கடன் உங்கள் பெயரில். பில்டர் ஒரு மாதம் கட்டாமல் விட்டால் வங்கி உங்களைத்தான் கேட்கும். கடன் மதிப்பெண் விழுவதும் உங்களுக்குத்தான். இப்படிப்பட்ட கடன்களைத் தவிர்க்கும்படி வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு தேசிய வீட்டுவசதி வங்கி 2019 ஜூலையில் அறிவுறுத்தியது. கட்டுமான நிலைக்கு ஏற்றபடிதான் பணத்தை விடுவிக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியிருக்கிறது. ஒரு சோதனை செய்யலாம்: இந்தத் திட்டம் வேண்டாம், சாதாரணமாகக் கட்டுகிறோம், விலை என்ன என்று கேளுங்கள். குறைத்துச் சொன்னால், அந்த வித்தியாசம்தான் பில்டர் ‘கட்டும்’ வட்டி.

வட்டி ஏறும் காலத்தில் கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பில்டரும் கடனில்தான் கட்டுகிறார். விற்பனை மந்தமாகி அவருடைய வட்டி ஏறினால் முதலில் நிற்பது வேலை. வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா சொல்கிறது. தாமதமானால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கவும் 18-ஆம் பிரிவு வழி செய்கிறது. உத்தரவு வாங்கி, அதை வசூலித்து முடிக்கும்வரை ஈ.எம்.ஐ.யும் வாடகையும் காத்திருக்காது. மெட்ரோவைப் பற்றி: கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தை பில்டர் விலையில் சேர்க்காமல் விட்டிருக்க மாட்டார்.

பெரும்பாக்கத்தை விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. நீங்கள் அங்கே குடிபோகப் போவதில்லை. அம்பத்தூருக்கு அங்கிருந்து தினம் போய்வருவது நடக்காத காரியம். இரண்டு மூன்று வருஷத்தில் கொளத்தூர், வில்லிவாக்கம், பாடி பக்கம் குடியிருக்க ஒரு வீடு வேண்டும் என்றால், அப்போது இதை விற்று, கட்டி முடித்த வீடாகப் பார்த்து வாங்குவது சரியான திட்டம். பணி நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, 22,000 வாடகையும் நிற்கும். அதுவரை 3 லட்சத்தைக் கட்டி, ஸ்ப்ரெட்டைக் குறைத்து வைத்தால் விற்கும்போது கையில் வருவது கூடும். அவசரமில்லாமல் விலை பேசலாம். இந்த வாடகைக்காரர் காலி செய்யும் சமயம் விற்பனைக்குப் போடுவது நல்லது. குடியிருக்க வாங்குபவர் காலி வீட்டைத்தான் விரும்புவார்.

புக்கிங் பணம் 1 லட்சம்: விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத வரைதான் அதைச் சுலபமாகத் திரும்பப் பெற முடியும். விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கம் ரத்துக்கான நிபந்தனை இருக்கும்; எவ்வளவு பிடிப்பார்கள் என்று படித்துப் பாருங்கள். பத்து இருபதாயிரம் போனாலும் போகட்டும். ‘ஒதுக்கீட்டை ரத்து செய்து பணத்தை இந்த வங்கிக் கணக்குக்குத் திருப்புங்கள்’ என்று ரசீது எண், தேதி, திட்டத்தின் ரெரா பதிவு எண் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்; போனில் சொன்னால் கணக்கில் வராது. விற்பனைப் பிரிவிலிருந்து ‘ஒருமுறை நேரில் வாங்க மேடம்’ என்று கூப்பிடுவார்கள். மின்னஞ்சலிலேயே பதில் தரச் சொல்லிவிடுங்கள்.